கேபிளில் ஒரு குண்டுமணி

பெங்களூரில் ஓடுகிற ஸ்கூட்டர்களில் பாதியிலாவது பாஞ்சாலியின் கை பட்டிருக்கும் என்று யாராவது சொன்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஆனால் இல்லை என்று மட்டும் சொல்லமாட்டாள். பீன்யாவில் கேபிள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள். உள்ளே ஓடும் முறுக்குக் கம்பிக்கு இன்னர் என்று பெயர், அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கு அவுட்டர். இன்னரின் நுனியில் நிப்பிள் என்கிற சின்ன உலோகக் குமிழைச் சொருகி, மெஷினில் வைத்து மிதித்தால் ‘சக்’கென்று கவ்விக்கொள்ளும். அப்புறம் யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. அந்த ‘வராது’வில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து பெஞ்சில் அமுக்கிய நிப்பிளைப் பார்த்தே இது இன்னாருடைய வேலை என்று சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு உதட்டையும் பிதுக்குவாள்.

ஆனால் அந்தக் கேபிள்கள் எங்கே போகின்றன, மறுமுனையில் எதைப் பிடித்து இழுக்கின்றன என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. டஜன் டஜனாகக் கட்டி அட்டைப்பெட்டியில் போட்டால் அவள் வேலை தீர்ந்தது. மறுமுனை வேறு யாருடைய பாடோ.

அவளுடைய பாடு வீட்டில் உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் முனியப்பன் லாரி டிரைவர். ஓசூர் ரோட்டில் பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த டெம்போ ஏறி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. கால் போனதைக்கூட அவன் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டான். ஸ்டியரிங் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழகி, அபார்ட்மெண்ட் ஒன்றில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தான். உள்ளே வருகிற கார்க்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கிற லட்சணத்தைப் பார்த்து ஒவ்வொருவரையும் திட்டித் தீர்த்து, சேர்ந்த வேகத்திலேயே திரும்பி வந்தான். பிறகு அலையாய் அலைந்து, ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் ஓட்டலாம் என்று லைசென்ஸை மாற்றி வாங்கினான். டிராவல்ஸ்காரர்கள் முகத்தைப் பார்த்து வா என்றார்கள், காலைப் பார்த்துச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். ஒருத்தரும் சொல்லியனுப்பவில்லை.

கூப்பிட்டவர் பெர்னதெத் டீச்சர் ஒருவர்தான். பிரேசர் டவுனில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் சிங்கப்பூரில் கப்பல் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு வரும்போது இளநீல நிறத்தில் ஒரு ஜப்பான் காரைக் கூடவே கொண்டுவந்தார். அந்தக் காலத்திலேயே ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, ஆக்சிலேட்டரும் பிரேக்கும்தான். ஓஸ்வால்ட் போய்ச் சேர்ந்த பிறகும் டீச்சர் அதை விற்கவில்லை; டிரைவர்தான் நிலைக்கவில்லை. காரணம் ஜெபமாலை. கேட்டைத் தாண்டியதும் டீச்சர் பின்சீட்டில் ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தால் இறங்கும்வரை நிறுத்தமாட்டார். வண்டி குலுங்கினால் ஜெபம் வேகமெடுக்கும். முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் உயிருக்காக மன்றாடிக்கொண்டே வந்தால் எந்த டிரைவருக்குத்தான் கை நிதானமாக இருக்கும்?

“எனக்கு காலு முக்கியமில்ல முனியப்பா. நான் ஜெபம் சொல்றத நிறுத்துற மாதிரி ஒருத்தன் ஓட்டணும். அது ஓஸ்வால்டோட போச்சு” என்றார் டீச்சர்.

முனியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். காரை வெளியே எடுத்து, தெருமுனை திரும்பி ஆக்சிலேட்டரை மிதித்ததும் அடியில் எங்கோ ‘டப்’பென்று அறுந்தது.

டேனரி ரோட்டில் ராகேஷ் என்பவனுடைய மெக்கானிக் ஷெட். முனியப்பனின் லாரி நாட்களிலிருந்தே பழக்கம். ராகேஷ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, துருப்பிடித்து அறுந்த நீளக் கேபிள் ஒன்றை உருவிக்கொண்டு வந்தான்.

“இதுக்கு ஸ்பேர் எங்கயும் சிக்காதுண்ணா. ஜப்பான்லயே மறந்துட்டிருப்பாங்க” என்றவன், கூட வந்திருந்த பாஞ்சாலியைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். “அக்கா, கேபிள் கம்பெனிய வீட்லயே வெச்சுக்கினு நான் எதுக்குத் தேடுறேன்?”

இதற்குள் விஷயம் டீச்சரின் அக்கா மகன் டிரேவருக்குப் போய்விட்டது. வைட்ஃபீல்டில் இருக்கிறவன். அந்தப் பழைய இரும்பை விற்றுத் தொலையுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது வாய்ப்பு கிடைத்தது. சனிக்கிழமை காலையில் வாங்குகிற ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டான். டீச்சருக்கு மனசில்லைதான். ஆனாலும் கணக்கு டீச்சர்.

“அதுக்குள்ள வண்டி ஒழுங்கா ஓடினா நீ டிரைவர் முனியப்பா. இல்லேன்னா வண்டி போயிடும், நான் ஆட்டோல பூசைக்குப் போயிக்கிறேன்” என்றார்.

பாஞ்சாலி அறுந்த கேபிளைப் பேப்பரில் சுற்றி பீன்யாவுக்குக் கொண்டுபோனாள். சூப்பர்வைசரிடம் சொல்லி, ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்தாள். அவர்கள் கம்பெனியில் சட்டம் ஒன்றுதான்: சாம்பிள் எப்படியோ அப்படி. நீளம், தடிமன், இரு நுனி நிப்பிள் எல்லாவற்றையும் அளந்தாள். ஒரே ஒரு இடத்தில் அவள் முகம் சுளித்தது. என்ஜின் பக்கத்து நுனிக்குச் சற்றுத் தள்ளி, இன்னர் கம்பியின்மேல், குண்டுமணி அளவுக்கு ஒரு உலோக மணி கவ்விக்கொண்டிருந்தது. அது எதையும் பிடிக்கவில்லை, எதையும் இழுக்கவில்லை, வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தது. கேபிள் அறுந்தால் ரோட்டோரத்தில் ஏதாவது குமிழை வைத்து ஒப்பேற்றி அனுப்புவதை அவள் எத்தனையோ பார்த்தவள். இதுவும் எவனோ வைத்த ஒட்டுவேலை என்று முடிவுகட்டினாள். தன் கையால் செய்கிற சரக்கில் அந்த அசிங்கம் எதற்கு? மணியை விட்டுவிட்டு, வழவழவென்று ஒரு கேபிள் செய்து முடித்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாட்டுகிற அன்று அவளும் ஷெட்டுக்குப் போனாள். ராகேஷ் கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றியதும் ரோஸ்மில்க் நிறத்தில் ஆயில் வழிந்து தொட்டியில் நிறைந்தது. “குனிஞ்சு பாருங்கக்கா” என்று டார்ச்சைக் காட்டினான். பாஞ்சாலி பார்த்தாள். ஒரு பெரிய அலுமினியப் பாளம், அதன் முகமெல்லாம் வளைந்து நெளிந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகிற வாய்க்கால்கள். மார்கழி மாதம் வாசலை அடைத்துப் போடுகிற சிக்குக் கோலம் ஒன்றை உலோகத்துக்குள் இறக்கி வைத்ததுபோல இருந்தது. எந்தக் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். கேபிளின் நிப்பிள் போய் உட்காரும் இடம் அதுதான்.

“ஆக்சிலேட்டர் மிதிச்சா ரெண்டு கேபிளு இழுக்கும்க்கா. ஒண்ணு என்ஜினுக்கு. இன்னொண்ணு, இந்தா, உங்க கேபிளு, இங்க வருது. டிரைவர் எவ்ளோ அமுக்குறான்னு பெட்டிக்குச் சொல்றதே இதுதான். அதுக்கேத்த மாதிரி உள்ள ஆயில் அழுத்தம் ஏறும். எந்த கியரு, எப்ப மாத்தணும்னு பெட்டி அதுவே முடிவு பண்ணிக்கும்.”

“அதுவேவா?”

“அதுவே.”

“கரெண்ட்டு, கம்ப்யூட்டரு ஒண்ணும் கெடையாதா?”

“ஒண்ணும் கெடையாது. ஆயிலும் ஸ்ப்ரிங்கும்தான்.”

பாஞ்சாலிக்கு உடம்பு சிலிர்த்தது. இதை யாரோ ஒருத்தன் எங்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான்! ஆயில் போகிற வழியை வைத்தே யோசிக்கிற ஒரு சாமானைச் செய்திருக்கிறான்! வெறும் கியர் பெட்டிதானே என்று நினைத்து வந்தவள் அந்த டார்ச் வெளிச்சத்தில் கோவில் கருவறையை எட்டிப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராகேஷ்தான் “நகருங்கக்கா, ஆயில் சொட்டுது” என்று விரட்டினான்.

நிப்பிளைச் சக்கரத்தில் மாட்டி, தட்டை மூடி, ஆயில் ஊற்றி, மேலே என்ஜின் பக்கம் வந்தான். அங்கே அவுட்டரை முன்னும் பின்னும் நகர்த்திப் பிடிக்க இரண்டு நட்டுகள். கம்பியை விரலால் ஆட்டிப் பார்த்து, சற்றே தளர்வாக விட்டு நட்டை முறுக்கினான். “ஸ்வல்ப லூஸ் இருக்கணும்” என்றான். பாஞ்சாலியும் தலையாட்டினாள். ஸ்கூட்டர் கிளட்ச் ஆனாலும் சரி, ஆக்சிலேட்டர் ஆனாலும் சரி, கேபிள் என்றால் கொஞ்சம் தளர்வு வேண்டும் என்பது இந்த ஊரில் கேபிளைத் தொட்ட எல்லாக் கைகளும் படித்த பாடம்.

ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார்கள். முனியப்பன் ஸ்டியரிங்கில், பாஞ்சாலி பக்கத்தில், பின்னால் டீச்சரும் ஜெபமாலையும். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது என்ஜின் ‘ஊ’வென்று கத்தியது, வண்டி மட்டும் சோம்பேறி மாடுபோல அப்படியே இருந்து, பிறகு ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அந்தக் கத்தலைக் கேட்டதும் முனியப்பனின் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடி, தரையில் ‘டொக்’கென்று மிதித்தது. லாரியில் ஊறிய பழக்கம். என்ஜின் கத்தினால் கிளட்ச், கிளட்ச் என்றால் இடது கால். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு ஊளை, ஒரு ‘டொக்’. பின்சீட்டில் மாதாவை அழைக்கும் வேகம் கூடிக்கொண்டே போனது.

நந்திதுர்கா ரோடு ஏற்றத்தில் மானம் போயிற்று. மிதிக்க மிதிக்க என்ஜின் அலறியது, வண்டி ஏறமாட்டேன் என்றது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. எதுவோ கருகுகிற நெடி. ‘டொக் டொக்’கென்று கால் பைத்தியம்போலத் தரையை உதைத்தது. முனியப்பனின் காதோரம் வியர்த்து ஓடியதைப் பார்த்தும் பார்க்காததுபோல பாஞ்சாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாரி லோடோடு மலைப்பாதையில் பீடி பற்றவைத்த ஆள் அவன்.

எப்படியோ திருப்பி டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். சாவியை டீச்சர் கையில் கொடுத்தான்.

“வண்டி மேல தப்பில்ல டீச்சர். புதுக் கேபிளு, எல்லாம் சரியா கீது. எனக்குத்தான் காலு மறந்துபோச்சு.”

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார். பின்னாலேயே பைக்கில் வந்த ராகேஷ் பாஞ்சாலியைத் தனியாகக் கூப்பிட்டு, “இப்படியே ரெண்டு தபா ஏத்தத்துல ஓட்டினா உள்ள கியரைப் புடிக்கிற பிளேட்டெல்லாம் கருகிடும்க்கா. அப்புறம் பெட்டி குப்பைக்குத்தான்” என்றான்.

அன்று முனியப்பன் சாப்பிடவில்லை. லைசென்ஸை பீரோவுக்கு அடியில் தள்ளினான். இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்றான். திட்டுகிற முனியப்பனைச் சமாளிக்க பாஞ்சாலிக்குத் தெரியும். திட்டாத முனியப்பனைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலையில் கை ஓடவில்லை. டிபன் டப்பாவை எடுக்கப் பையைத் திறந்தவள், அறுந்த பழைய கேபிள் அதிலேயே கிடப்பதைப் பார்த்தாள். குப்பையில் போடலாம் என்று எடுத்தபோது அந்த மணி விரலில் இடறியது. சும்மா ஒரு கோபத்தில், எந்த மடையன் வைத்த ஒட்டு என்று பார்க்க, செக்கிங் பெஞ்சின் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

வைத்தவள் இன்னும் குனிந்தாள். மணியின் பள்ளங்கள் எல்லாம் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. ரோட்டோரத்தில் பிளேயரால் கடித்த கடி அல்ல அது. அளவான கருவியை வைத்து, நிதானமாக, வேலை தெரிந்த ஒரு கை அமுக்கிய அமுக்கல். நிப்பிளைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிறவள், ஜப்பானில் யாரோ ஒரு பாஞ்சாலி செய்த வேலையைப் பார்த்து ஒட்டுவேலை என்று சொல்லியிருக்கிறாள்! வேண்டுமென்றே வைத்த மணி. ஏதோ ஒரு வேலைக்காக வைத்த மணி. சாம்பிள் எப்படியோ அப்படி என்கிற ஒரே சட்டத்தை, அதுவும் புருஷன் பிழைப்புக்கான கேபிளில் மீறித் தொலைத்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கிருந்தே ராகேஷுக்குப் போன் போட்டாள். அவன் யூடியூபைக் குடைந்து, இதே மாதிரிப் பெட்டிக்கு ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் கேபிள் மாட்டுகிற வீடியோவைப் பிடித்துவிட்டான். திரும்ப அழைத்தபோது அவன் குரலே மாறியிருந்தது.

“அக்கா, அந்த மணிதான் அளவே! பெடலை விட்டிருக்கும்போது மணி அவுட்டரோட வாய் ஓரத்துலயே நிக்கணுமாம். தொடவும் கூடாது, வெலகவும் கூடாது. இதுக்கு லூஸே ஆகாதாம். நான் லூஸ் விட்டது தப்பு. அண்ணன் மிதிச்ச மிதி பெட்டிக்குப் போய்ச் சேரவேயில்ல. அது என்னமோ மெதுவா போறாங்கன்னு நெனச்சு, பிளேட்ட சும்மா லேசா புடிச்சிருக்கு. ஏத்தத்துல வழுக்காம என்ன பண்ணும்?”

“புதுக் கேபிளுக்கு மணிய எந்த எடத்துல வெக்கிறது?”

“அதான் பேஜாரு. பழைய அளவு வெச்சு அமுக்கக் கூடாதாம். வண்டில மாட்டினப்புறம், கையால இழுத்துப் பாத்துத்தான் அமுக்கணுமாம்.”

பாஞ்சாலி பித்தளையில் நாலைந்து மணிகளை அரைத்து, கம்பிமேல் பக்கவாட்டில் மாட்டும்படி பிளந்து, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, கையில் பிடித்து அமுக்குகிற கருவியை இரவல் வாங்கினாள். மெட்ரோவில் மெஜஸ்டிக் வந்து பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் டேனரி ரோட்டில் இறங்கினாள். ராகேஷைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியில் தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“உன் காலு இல்லய்யா. என் கேபிளு.”

முனியப்பன் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்லுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் டீச்சர் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ராகேஷும் பாஞ்சாலியும் நிற்கும்போது, யாரையோ பார்க்க வந்தவன்போல கேட்டுக்கு வெளியே வந்து நின்றான்.

ராகேஷ் கம்பியின் நுனியைக் கழற்றி, வீடியோவில் பார்த்தபடி மெல்ல இழுத்தான். “லேசா ஒரு பிடி தட்டுப்படும்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் தட்டுப்படலயே. இழுத்தா வருது, அவ்ளோதான். நீங்க பாருங்கக்கா.”

பாஞ்சாலி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள். கண்ணை மூடினாள். இழுத்தாள். முதலில் ஒன்றுமில்லை, காற்றில் நூலை இழுப்பதுபோல வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும். அப்போது, மிக மெல்லிதாக, மறுமுனையில் யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

திடுக்கிட்டு விட்டுவிட்டாள். மறுபடி இழுத்தாள். அதே இடம், அதே பிடி. பலமான பிடி இல்லை. தூக்கத்தில் இருக்கிற குழந்தை விரலைப் பற்றுமே, அவ்வளவுதான். அங்கே இருப்பது ஆயிலும் ஸ்ப்ரிங்கும்தான் என்று அவளுக்குத் தெரியும். டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்தவள்தான். ஆனாலும் அந்தக் கோலத்துக்குள்ளிருந்து, அத்தனை வாய்க்கால்களையும் தாண்டி, தான் முறுக்கிய கம்பி வழியாகத் தன் விரலுக்கே ஒரு பதில் வருகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அவள் கட்டிக் கட்டிப் பெட்டியில் போட்ட கேபிள்களுக்கெல்லாம் இப்படி ஒரு மறுமுனை இருந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் எங்கோ ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பாஞ்சாலிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“இன்னாமே ஆச்சு?” என்று முனியப்பன் வேகமாக வந்தான்.

“நீ தொட்டுப் பாரு.”

தொட்டான். ஒரு முறை இழுத்தான், விட்டான். இன்னொரு முறை. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டான்.

பாஞ்சாலி அந்தப் பிடி தட்டுகிற இடத்திலேயே கம்பியை நிறுத்தினாள். அவுட்டரின் வாயிலிருந்து ஒரு மயிரிழை விட்டுப் பித்தளை மணியைப் பொருத்தினாள். கருவியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். சுற்றிச் சுற்றி, ஒரே ஆழத்தில். ராகேஷ் நுனியை மாட்டி, நட்டுகளை நகர்த்தி, மணி வாயோரத்தில் நிற்கும்படி இறுக்கினான்.

“அண்ணா, உள்ள உக்காந்து மெல்ல மிதிங்க.”

என்ஜினைப் போடவில்லை. முனியப்பன் உள்ளே உட்கார்ந்து மிதித்தான். பாஞ்சாலி மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மிதிக்க மிதிக்க மணி வெளியே வந்தது. விட விடத் திரும்பி வந்து வாயோரத்தில் நின்றது. அவன் கால் கட்டைவிரலை மட்டும் அசைத்தபோதுகூட மணி ஒரு நூலளவு அசைந்தது. அவனுடைய கால் அவள் கண்ணெதிரே ஒரு கம்பியில் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே டீச்சரை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். டீச்சர் ஏறும்போதே ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டார். “ஹெப்பால் மேம்பாலம் வரைக்கும் போ. அதுல ஏறலேன்னா டிரேவர் கிட்ட சரின்னு சொல்லிடுறேன்” என்று சொல்லிவிட்டு முதல் மணியைப் பிடித்தார்.

முனியப்பன் பாஞ்சாலியைப் பார்த்தான். பாஞ்சாலி முன்னால் பார்த்தாள். வண்டி நகர்ந்தது.

அவள் ‘டொக்’குக்காகக் காத்திருந்தாள். ஜெயமஹால் ரோட்டில் மரங்கள் பின்னால் போயின. இப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. மேக்ரி சர்க்கிள் தாண்டி, பெல்லாரி ரோட்டில் ஏர்போர்ட் டாக்ஸிகளோடு சேர்ந்து வேகம் பிடித்தபோதும் வரவில்லை. என்ஜின் ஊளையிடவில்லை. யாரோ கைப்பிடித்து அடுத்த படியில் ஏற்றிவிடுவதுபோல வண்டி ஒவ்வொரு வேகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. குனிந்து அவன் இடது காலைப் பார்த்தாள். அது கால்மிதியின்மேல் சாய்ந்து, தன்பாட்டுக்கு ஓய்வாகக் கிடந்தது.

மேம்பாலம் வந்தது. முனியப்பன் மிதித்தான். அவன் மிதிப்பது கம்பி வழியாகப் போவதை அவள் உள்ளங்கையில் உணர்ந்தாள், அல்லது உணர்ந்ததாக நினைத்துக்கொண்டாள். பெட்டி ஒரு கணம் யோசித்து, ஒரு கியர் இறங்கி, தோளைக் கொடுத்தது. இளநீலக் கார் மேம்பாலத்தில் விறுவிறுவென்று ஏறியது. மேலே போனதும் இடது பக்கம் ஹெப்பால் ஏரி முழுக்க வெளிச்சமாகக் கிடந்தது.

“பாஞ்சாலி” என்றான் முனியப்பன். “லாரில கண்ண மூடிக்கினு கியர் சொல்லுவேன் நானு. இது எப்ப மாறுதுன்னு எனக்கே தெரியலமே.”

“தெரியாது” என்றாள் பாஞ்சாலி. உலகத்தில் இவ்வளவு அழகான சத்தமில்லாமை ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பின்சீட்டிலும் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தார்கள். டீச்சரின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜெபமாலை மடியில் நழுவி, பாதியில் நின்றிருந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் முனியப்பன் ஹாரனையே தொடவில்லை. தெருவுக்குள் திரும்பியபோது டீச்சர் வீட்டு கேட்டில் டிரேவர் நின்றுகொண்டிருந்தான், பக்கத்தில் கையில் அளக்கிற டேப்போடு வாங்குகிற ஆள். முனியப்பன் பிரேக்கில் கால் வைக்கப் போனான். கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தான். எழுப்ப மனசு வரவில்லை. பிரேக்கை விட்டு, கேட்டையும் டிரேவரையும் தாண்டி, தெருவின் கோடிவரை மெல்ல உருட்டிக்கொண்டே போனான்.

“அங்க நின்னது டிரேவரா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை.

“ஆமா டீச்சர்.”

“நிக்கட்டும். இன்னொரு சுத்து போ முனியப்பா. நாளைக்குப் பூசைக்குச் சீக்கிரமா வந்துடு.”

முனியப்பன் வலது காலை மெல்ல அமுக்கினான். முன்னால், பானெட்டுக்கு அடியில், ஒரு பித்தளை மணி வாயோரத்திலிருந்து நூலளவு நகர்ந்திருக்கும் என்று பாஞ்சாலிக்குத் தெரியும். வண்டி தெருமுனை திரும்பியது. அவனுடைய இடது கால் அசையவே இல்லை.